கப்பலுக்குப் போன தாத்தாக்கள்: பழைய படம், மெடல், கடுதாசியெல்லாம் எப்படிப் பங்கு போட்டுக்கிறது?

கடற்கரைத்தெரு மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு தூத்துக்குடி. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல எங்க வீட்டுல ரெண்டு பேர் கடல்ல இருந்தாங்க. ஒருத்தர் எங்க அப்பாவோட அப்பா. பி.ஐ. கம்பெனி, அதாவது பிரிட்டிஷ் இந்தியாங்கற கப்பல் கம்பெனி, அதோட கப்பல்ல பண்டாரி, அதாவது சமையல். இன்னொருத்தர் அவரோட தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா. அவரு ராயல் இந்தியன் நேவி.

சின்னத் தாத்தா படம் நடுவீட்டுல தொங்குது. வெள்ளை யூனிஃபார்ம், தொப்பி நாடாவுல எழுத்து, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிமிர்ந்து நிக்காரு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் "எங்க சித்தப்பா யுத்தத்துல இருந்தவரு"ன்னு அப்பா காட்டுவாங்க. தாத்தா படம் ட்ரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கு. கேட்டா, "அவரு பொழப்புக்குக் கப்பலுக்குப் போனவரு, சண்டைக்கா போனாரு"ன்னு ஒரு பதில். எனக்கு இது சின்ன வயசுலேர்ந்தே உறுத்தும். ஏன்னா ஜெர்மன்காரன் கையில மாட்டி வருஷக்கணக்கா கம்பி வேலிக்குள்ள கெடந்தது நேவிக்காரத் தாத்தா இல்ல, சமையல்காரத் தாத்தா.

பெட்டியில இருக்கறதைச் சொல்லிடுதேன். தாத்தாவோட ஒரு கார்டு. மேல ஜெர்மன் எழுத்துல நீளமா ஒரு வார்த்தை, கீழ "மிலாக் நோர்ட்"னு அச்சு, பக்கத்துல ஒரு நம்பர், சிவப்பு முத்திரை. உள்ள இங்கிலீஷ்ல ரெண்டு வரி: சுகமா இருக்கேன், பார்சல் கெடைச்சது. அந்தக் கையெழுத்து தாத்தாவோடது இல்ல, அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனா அடியில மட்டும் தமிழ்ல தன் பேரை எழுதியிருக்காரு, கொம்பெல்லாம் தனித்தனியா, அழுத்தி அழுத்தி. பென்சில் அந்த இடத்துல மட்டும் அட்டைக்குள்ள இறங்கியிருக்கு. விரலை வச்சுத் தடவினா தெரியுது.

அப்புறம் ஒரு ஸ்டுடியோ படம். தாத்தாவும் இன்னும் ரெண்டு பேரும், கோட்டு போட்டு, பின்னால திரைச்சீலையில மாளிகை. ஓரத்துல நிக்கிற ஆளைக் காட்டி ஆச்சி ஒண்ணு சொல்லுவாங்க: "இந்தப் புள்ள திரும்பி வரல." பேரு பர்னாந்துன்னு முடியும். எங்க தெருவுல பாதிப் பேரு பர்னாந்துதான், அதுனால பிரயோஜனமில்ல.

சின்னத் தாத்தாவோடது ஆறு முனை உள்ள ஒரு நட்சத்திரம், கறுத்துப்போன பித்தளை மாதிரி. ரிப்பன் கரும் நீலம், நடுவுல அகலமா சிவப்பு, ரெண்டு பக்க நீலத்துலயும் ஒரு ஆரஞ்சுக் கோடு. சர்வீஸ் புத்தகத்துல பாதி கரையான் தின்னுட்டுது. கடைசிப் பக்கத்துல 1946ன்னு மட்டும் தெளிவாத் தெரியுது.

இப்போ என் பிரச்சினை. பனிமய மாதா திருவிழாவுக்கு அத்தை, சித்தப்பா புள்ளைங்க எல்லாரும் வருவாங்க. கொச்சியில ஒரு வீட்டுலயும் சென்னையில ஒரு வீட்டுலயும் இதே மாதிரி படங்கள் இருக்கு. எல்லாத்தையும் ஒரே எடத்துல சேர்த்துப் படம்பிடிச்சு ஆளுக்கு ஒரு பிரதி குடுக்கணும்னு ஆசை. ஆனா பெரிய அத்தை மெடலைப் புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கித்தான் படம் எடுக்கணும்ங்காங்க. சித்தப்பா மகன் எல்லாத்தையும் லேமினேஷன் பண்ணிடலாம்ங்கான். நடுவீட்டுப் படம் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு, உப்புக்காத்து வேலை. பொதுவுல போட்டா ஏதாவது வில்லங்கம் வருமான்னும் ஒரு பயம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

என்ஜின்ரூம் அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, முதல் காரியமாக அத்தை கையிலிருந்து அந்தப் புளியை வாங்கி வை. மீதியை அப்புறம் பேசலாம்.

நீ சொன்ன ரிப்பன் பர்மா ஸ்டார். நட்சத்திரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாயா? பிரிட்டன்காரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பேர் பொறிக்கவில்லை, மொட்டையாகத்தான் இருக்கும். இந்தியப் படைகளுக்குக் கொடுத்ததில் ஆளுடைய எண், பதவி, பேர், எந்தப் படை என்பதைப் பின்னால் சின்ன எழுத்தில் அடித்திருப்பார்கள். அந்த ஒரு வரிதான் மெடலின் உயிர். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க முதலில் மழுங்குவது அந்த எழுத்துதான். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து பூதக்கண்ணாடியில் பார்.

நான் இருபது வயதில் கப்பல் ஏறியவன், என்ஜினில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் உன் தாத்தா விஷயம் எனக்குக் கொஞ்சம் சூடாகவே பட்டது. பம்பாயில் மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்தியன் செய்லர்ஸ் ஹோம் இருக்கிறது. அங்கே இரண்டு போர்களிலும் கடலில் போனவர்களுக்கு நினைவிடம் உண்டு. இரண்டாம் போருக்கு ஒரு பெயர்ப் புத்தகம். அதே பெயர்கள் கொண்ட பிரதி சிட்டகாங் போர்க் கல்லறையிலும் இருக்கிறது. அதில் ராயல் இந்தியன் நேவிக்காரர்கள் சுமார் 400 பேர். வணிகக் கப்பல்காரர்கள் ஏறக்குறைய 6,000 பேர். பண்டாரி, கலாசி என்கிற தளத்து ஆள், ஃபயர்மேன், சாரங்கு என்கிற மேஸ்திரி எல்லாம் இந்த 6,000க்குள்தான். "சண்டைக்கா போனாரு" என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல். சண்டை அவர்களைத் தேடி வந்தது. பதிலுக்குச் சுட இவர்கள் கையில் என்ன இருந்தது, கரண்டியா? வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் நாலில் ஒரு பங்கு சம்பளம்கூட இவர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் வணிகக் கப்பல்காரர்களுக்குப் பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. நம் ஆட்களை அங்கே தேடாதே. அவர்கள் பேர் பம்பாய், சிட்டகாங் பட்டியலில்தான்.

அந்தப் பட்டியலை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். உயிரோடு திரும்பியவர்கள் அதில் இருக்கமாட்டார்கள், ஆகவே உன் தாத்தா பேர் இல்லையே என்று கலங்காதே. படத்தில் ஓரத்தில் நிற்கிறாரே, அவரைத் தேடு. பேரை நம் எழுத்துப்படி மட்டும் போட்டால் சிக்காது. பர்னாந்து என்பது கப்பல் எழுத்தர் கையில் பெர்னாண்டோ ஆகும், பெர்னாண்டஸ் ஆகும், ஓர் எழுத்து விட்டும் போகும். கோவாக்காரர் என்றே எழுதிவிட்டிருக்கவும் வாய்ப்புண்டு. சில பதிவுகளில் தகப்பனார் பேரும் ஊரும் இருக்கும். தூத்துக்குடி என்ற ஊரைப் பிடித்துக்கொண்டு தேடுவது சுலபம்.

இனி அந்தக் கார்டு. மேலே இருக்கிற நீள வார்த்தை போர்க்கைதித் தபால் என்பதற்கான ஜெர்மன் அச்சு. சிவப்பு முத்திரை தணிக்கை. மிலாக் நோர்ட் என்பது பிரேமன் நகரத்துக்கு வடகிழக்கே வெஸ்டர்டிம்கே கிராமத்தில் இருந்த முகாம். பிடிபட்ட வணிகக் கப்பல்காரர்களை அங்கே வைத்தார்கள், இந்தியர்களுக்குத் தனிக் குடிசைகள். 1945 ஏப்ரல் கடைசியில் பிரிட்டிஷ் படை வந்து விடுவித்தது. வந்த பார்சல் செஞ்சிலுவைச் சங்கத்துப் பார்சலாக இருக்கும். அது வராத வாரங்களில் முகாம் சூப்பும் ரொட்டியும்தான்.

கார்டில் தேதி இருந்தால் சொல். பி.ஐ. கம்பெனிக் கப்பல் என்பதால் ஓர் ஊகம் மட்டும் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள். 1940 நவம்பரில் இந்தியப் பெருங்கடலில் பிங்குவின் என்ற ஜெர்மன் வேட்டைக் கப்பல் பி.ஐ.யின் நௌஷெராவைப் பிடித்து மூழ்கடித்தது. ஆட்களை ஸ்டோர்ஸ்டாட் என்ற கப்பலில் ஏற்றி 1941 பிப்ரவரியில் பிரான்ஸில் போர்தோவில் இறக்கினார்கள். மிலாக்குக்கு வந்து சேர்ந்த பலர் இந்த வழியாக வந்தவர்கள். அட்லாண்டிஸ் என்ற இன்னொரு வேட்டைக் கப்பலும் சிட்டி ஆஃப் பாக்தாத், மாண்டசோர் என்று இந்தியர்கள் வேலை பார்த்த கப்பல்களைப் பிடித்தது. ஆனால் அவை வேறு கம்பெனிகளுடையவை.

கைதி எண்ணைப் பத்திரமாக எழுதி வை. ஜெனிவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆவணக் காப்பகம் போர்க்கைதிகள் பற்றிக் குடும்பத்தார் கேட்டால் தேடித் தருகிறது. ஆனால் வருஷம் முழுக்க விண்ணப்பம் வாங்குவதில்லை, திறக்கிற நேரம் பார்த்துப் போட வேண்டும்.

—

நெகட்டிவ் எழுதியது:

அக்கா, நான் ஸ்டுடியோ வேலை பார்த்தவன், இப்போ பழைய படம் மீட்கிற வேலை. வரலாறு அண்ணாச்சி பாத்துக்குவார், நான் தொழில் மட்டும் சொல்றேன்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டுல உருகி ஒட்டுன பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்கவே முடியாது, பிரிச்சா படத்தோட மேல்தோல் அதுலயே வந்துடும். தாத்தாவோட கார்டை லேமினேட் பண்ணீங்கன்னா நீங்க விரல்ல தடவுற அந்தப் பென்சில் பள்ளம் அன்னிக்கே போச்சு. ஒருத்தர் அவங்க அப்பாவோட டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒவ்வொரு தாளாக் கிழிச்சு லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். பக்க வரிசை போச்சு, தையல் போச்சு, எந்தப் பக்கத்துக்குப் பின்னால எது இருந்துச்சுன்னே தெரியல.

கண்ணாடியில ஒட்டுன படத்தை இழுக்காதீங்க. தண்ணி, ஆவி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். சட்டத்தோட இறக்கி, பின் அட்டையை மட்டும் கழட்டுங்க. பின்னால ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க, பழைய ஸ்டுடியோக்காரங்க அங்கதான் நம்பர் போடுவாங்க. அப்புறம் கண்ணாடி மேலயே படம் பிடிங்க. பகல் வெளிச்சம், பக்கவாட்டுல ஜன்னல், ஃபிளாஷ் கிடையாது. உங்க முகமும் செல்போனும் கண்ணாடியில தெரியாம இருக்க, போன்ல ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை மாட்டிக்கிட்டு எடுக்கலாம்.

தனிப் படங்களுக்கு ஸ்கேனர்தான் நல்லது. 600 டி.பி.ஐ., கலர்லயே பண்ணுங்க, கறுப்பு வெள்ளைப் படமா இருந்தாலும். சின்ன சைஸ் படத்துக்கு 1200. முன்பக்கம் ஸ்கேன் பண்ணா பின்பக்கமும் கட்டாயம் பண்ணணும், வெத்தா இருந்தாலும். ஓரத்தை வெட்டாதீங்க. மூல ஃபைலை டிஃப்ல வச்சுக்கிட்டு, சொந்தக்காரங்களுக்கு அனுப்ப ஜேபெக் எடுத்துக்கலாம். ரிப்பேர் பண்ற வேலை, ஆப்புல கலர் ஏத்துற வேலை எல்லாம் பிரதியில மட்டும். கலர் ஏத்துனா நேவி யூனிஃபார்ம் என்ன நிறம்னு ஆப்பு முடிவு பண்ணிடும், ரிப்பன்ல பச்சை வந்து நிக்கும்.

பேர் எழுதணும்னா பின்னால ஓரத்துல, மெத்துன்னு எழுதுற பென்சில்ல. பேனா எழுதி மை முன்பக்கம் வந்த படம் எத்தனையோ பாத்துட்டேன். ரப்பர் பேண்டு, ஸ்டேப்ளர் பின், செல்லோ டேப்பு மூணையும் உடனே எடுங்க. ட்ரங்குப் பெட்டியில அந்துருண்டை போட்டா படத்துல படாம துணியில முடிஞ்சு ஒரு மூலையில வைங்க.

படம் இங்க போடும்போது சட்டைக் கை தெரியுற மாதிரி போடுங்க. மூஞ்சியை மட்டும் வெட்டிப் போடுறாங்க எல்லாரும், ஆனா ஆளைக் கண்டுபிடிக்கிறது சட்டைக் கையில இருக்கிற சின்னத்தை வச்சுதான்.

—

சங்கு எழுதியது:

குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் உங்கள் ஊர். அவரை ஒழித்துக்கட்டப் போட்டி போட்டது இதே பி.ஐ. கம்பெனிதான். அந்தக் கம்பெனியில் சமைத்ததையும், வெள்ளைக்காரன் நேவியில் சேர்ந்ததையும் இப்போது சட்டம் போட்டு மாட்டிப் பெருமைப்பட என்ன இருக்கிறது? வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் எதற்கு?

—

என்ஜின்ரூம் அண்ணாச்சி எழுதியது:

சங்கு ஐயா, கேள்வி நியாயமானது, பதில் கொஞ்சம் நீளம்.

வ.உ.சி.யை நானும் கும்பிடுகிறவன். ஆனால் 1930களில் நம் கடற்கரையில் வலையும் தோணியும் சோறு போடாதபோது, சம்பளம் கொடுத்த கப்பலில் ஏறியவனிடம் கொள்கை விளக்கம் கேட்க எனக்கு மனசு வராது. அடங்கிப் போனவர்களும் இல்லை அவர்கள். போர் ஆரம்பித்த 1939லேயே சம்பளம் பத்தாது, ஆபத்துப்படி வேண்டும் என்று இந்தியக் கப்பல்காரர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து, நூற்றுக்கணக்கானோர் சிறைக்கும் போனார்கள். அதையும் பேசுவதற்குத்தான் இந்தப் படங்கள் வெளியே வர வேண்டும் என்கிறேன். பெட்டிக்குள் இருந்தால் பி.ஐ. கம்பெனியின் விளம்பரப் படம் மட்டும்தான் மிஞ்சும்.

நேவி பற்றியும் ஒன்று. தங்கச்சி, சின்னத் தாத்தா புத்தகம் 1946இல் முடிகிறது என்றாய். நெகட்டிவ் தம்பி சொன்ன மாதிரி வலது கையைப் பார். குறுக்காக இரண்டு கொடி இருந்தால் சிக்னல்மேன். இறக்கையும் மின்னலும் இருந்தால் தந்திக்காரர். காற்றாடி மாதிரி புரொப்பெல்லர் என்றால் ஸ்டோக்கர், அதாவது கொதிகலன் ஆள். பதவி இடது கையில் இருக்கும், நங்கூரம் ஒன்று என்றால் லீடிங் சீமேன். தொப்பி நாடாவில் கப்பல் பேர் தேடிக் கண் வலிக்க வேண்டாம். போர்க் காலத்தில் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று எச்.எம்.ஐ.எஸ்., அதாவது அரசரின் இந்தியக் கப்பல், என்று மட்டும்தான் போடுவார்கள். ஆனால் அந்த எழுத்து நேராகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள். பிரதி எடுத்தவர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருந்தால் வலது கை இடது கை ஆகிவிடும்.

ஏன் கேட்கிறேன் என்றால், சிக்னல், தந்தி ஆட்களுக்குப் பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற கரைத் தளத்தில் பயிற்சி. 1946 பிப்ரவரி 18இல் கடற்படை எழுச்சி தொடங்கியது அங்கேதான். 23ஆம் தேதி அடங்குவதற்குள் 78 கப்பல்கள், கரைத் தளங்கள் என்று 20,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். அடங்கிய பிறகு பலருடைய வேலை போனது. பிடித்து வைத்தவர்களும் உண்டு. அப்படி வந்தவர்கள் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்காமலே இருந்திருக்கிறார்கள். ஆனால் போர் முடிந்து ஆட்களைக் குறைத்த வருஷமும் அதுதான், சாதாரணமாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். அதனால் 1946 என்று கண்டவுடன் "தாத்தா புரட்சி செய்தார்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. மாதம் என்ன, வெளியேறிய காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் பார். கரையான் தின்ற தாளைப் பிரிக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்பக்க எழுத்தும் தெரியும்.

—

பருத்தித்துறை எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். எங்கட அம்மம்மான்ர தம்பி சிலோன் நேவல் வொலன்ரியராய் இருந்தவர். 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்ட நேரம் அவர் அங்கதான். அண்டைக்குத்தான் மட்டக்களப்புக்கு அங்கால ஹெர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பலும் தாண்டது. அந்தப் புகையைப் பற்றி அவர் சாகும்வரை கதைச்சவர்.

அவற்ற படம் எல்லாம் எங்கட வீட்டிலதான் இருந்தது. 95 இடப்பெயர்வோட வீடும் போச்சு, பெட்டியும் போச்சு. இப்ப எங்களிட்ட இருக்கிறது ஒரேயொரு படம். அதுவும் கோலாலம்பூரில இருக்கிற பெரியம்மான்ர மகளுக்கு எப்பவோ ஒரு கடிதத்தோட வைச்சு அனுப்பினதால மிஞ்சினது. அதால நான் சொல்லுறது, ஆர் மூலப்படத்தை வைச்சிருக்கிறது எண்டு சண்டை பிடியுங்கோ, பரவாயில்லை, ஆனால் பிரதியை ஒரே ஊருக்குள்ள மட்டும் வைச்சிராதேங்கோ. கொச்சிக்கு ஒண்டு, சென்னைக்கு ஒண்டு, வெளிநாட்டில ஆரும் இருந்தால் அங்க ஒண்டு.

வட்ஸ்அப்பில அனுப்பேக்க படமா அனுப்பாமல் டொக்கியுமெண்டா அனுப்புங்கோ. இல்லாட்டி அது சுருக்கிப் போடும், பெருப்பிச்சுப் பார்த்தால் முகமெல்லாம் மெழுகு.

வில்லங்கம் கேட்டனீங்கள். கைநாட்டு, வீட்டு விலாசம் இருக்கிற பக்கத்தை மறைச்சுப் போடுங்கோ. படத்தில இருக்கிற மற்ற ஆக்களின்ர பிள்ளையள் ஆரும் உங்கட ஊரில இருந்தால் ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போடுறது மரியாதை. மெடல் படம் போட்ட கையோட "விக்கிறியளோ" எண்டு உள்பெட்டிக்குள்ள ஆக்கள் வருவினம். அவைக்கு மெடலின்ர பின்பக்க எழுத்தை முழுக்கக் காட்டாதேங்கோ. அதை வைச்சுத்தான் விலை பேசிறவை.

—

கடற்கரைத்தெரு மகள் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புளி சமையக்கட்டுக்கே போயிட்டுது. அத்தை முகம் தூக்கிக்கிட்டு இருந்தாங்க, ஆனா பூதக்கண்ணாடியில பின்பக்கத்தைக் காட்டினதும் அவங்களே துணியில சுத்தி எடுத்து வச்சுட்டாங்க. நம்பர் இருக்கு, ராயல் இந்தியன் நேவிங்கறதுக்கு ஆர்.ஐ.என். இருக்கு, சின்னத் தாத்தா பேரு ஒரு எழுத்து தப்பா இருக்கு. அதைப் பாத்து அத்தை, "அவரு பேரை ஒழுங்கா எழுதக்கூட தெரியாதவனுவளுக்கா இவரு வேலை பாத்தாரு"ன்னு ஒரே கோபம். சங்கு அண்ணே, உங்க கட்சிக்கு ஒரு ஆள் கெடைச்சாச்சு.

சட்டத்தைக் கழட்டினோம். வலது கையில கொடிதான், குறுக்க ரெண்டு. தொப்பி எழுத்து நேராத்தான் இருக்கு. புத்தகத்துல மாசம் இருக்கிற எடத்தைக் கரையான் சுத்தமா முடிச்சுட்டுது, வெளிச்சத்துல பிடிச்சும் கெடைக்கல. காரணம்னு இருக்கற கட்டத்துல நீளமா ஒரு வரி இருந்திருக்கு, கடைசி வார்த்தை மட்டும் மிச்சம்: "ரிக்கொயர்ட்". அதுக்கு என்ன அர்த்தமோ எனக்குத் தெரியல. அப்பாகிட்டக் கேட்டா, "சித்தப்பா பம்பாயைப் பத்திப் பேசமாட்டாரு, நாங்களும் கேட்கமாட்டோம்"ன்னாங்க. இது போதாதுன்னு அண்ணாச்சி சொல்லுவீங்கன்னு தெரியும், அதான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல.

கொச்சி வீட்டுலேர்ந்து அதே ஸ்டுடியோ படத்தோட இன்னொரு பிரதி ஸ்கேன் பண்ணி அனுப்பினாங்க, டாக்குமெண்டாவே. எங்க பிரதியில பின்னால ஒண்ணுமில்ல. அதுல ஸ்டுடியோ முத்திரை பாதி தெரியுது, ஊரு கல்கத்தா. கீழ பென்சில்ல மூணு பேரு, நிக்கிற வரிசையில எழுதியிருக்கு. ஓரத்துல இருக்கறவரு முழுப் பேரும் கெடைச்சிட்டுது. இங்க போடல, அவரு தங்கச்சி வழிப் பேத்தி ஒருத்தங்க நம்ம ஊருலயே இருக்காங்கன்னு தெரிய வந்திருக்கு, மொதல்ல அவங்களைப் பாக்கணும். போர்க் கல்லறைத் தளத்துல அந்தப் பேரைப் போட்டா பெர்னாண்டஸ், பெர்னாண்டோன்னு வரிசையா வருது. ஒத்த முதல் பேரோட சில பதிவுகள் இருக்கு, ஆனா எதுலயும் தூத்துக்குடின்னு இல்ல. சிலதுல ஊரே போடல. இதுல எது அவருன்னு எப்படிப் பிரிக்கிறது?

தாத்தா கார்டுல தேதி 1942. நௌஷெராவா இருக்கலாம்ங்கறதை அது தடுக்கலதானே?

—

என்ஜின்ரூம் அண்ணாச்சி எழுதியது:

தடுக்கவில்லை, உறுதி செய்யவும் இல்லை. 1942 என்றால் அதற்கு முன்னால் பிடிபட்ட எந்தக் கப்பலாகவும் இருக்கலாம். மூன்று பேரும் கல்கத்தாவில் படம் எடுத்திருக்கிறார்கள் என்பது நல்ல துப்பு. கப்பல் ஏறுகிறதற்கு முன்னால் ஸ்டுடியோவுக்குப் போகிற பழக்கம் எங்கள் காலத்திலும் இருந்தது. ஆனாலும் மூன்று பேரும் ஒரே கப்பலில் போனார்கள் என்று அதை வைத்து முடிவு கட்டாதே.

பதிவுகளைப் பிரிக்க இரண்டு வழி. ஒவ்வொரு பதிவிலும் கப்பல் பேரும் இறந்த தேதியும் பார். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பங்குக் கோயிலுக்குப் போ. கடலில் போனவர்களுக்கு வீட்டார் ஆன்மா இளைப்பாற்றிப் பூசை வைத்திருப்பார்கள். சாமியார் அனுமதித்தால் பழைய பதிவேட்டில் அந்த வருஷங்களைப் பார்க்கலாம். சேதி ஊருக்கு வரத் தாமதமாகும், ஆகவே இறந்த தேதிக்கு அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் புரட்டு. அந்தப் பேத்தியம்மாவையும் கூட்டிப்போ, அவர்கள் வீட்டில் தந்தி ஏதாவது பைபிளுக்குள் இருக்கலாம்.

கப்பல் பேர் உறுதியானால் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. போர்க் காலத்து ஆள்பட்டியலும் கப்பல் லாக் புத்தகங்களும் அங்கே பி.டி. 381 வரிசையில். கப்பல் எப்போது எந்தத் துறைமுகத்தில் நின்றது என்கிற அட்டைகள் பி.டி. 389இல். நகல் எடுத்துத் தரக் காசு வாங்குவார்கள். கப்பல் பேரும் வருஷமும் கையில் இல்லாமல் கட்டணம் கட்டிவிடாதே. கட்டுகிறபோது உன் தாத்தா கப்பலுக்கும் அந்தப் பையன் கப்பலுக்கும் சேர்த்தே கேள்.

"ரிக்கொயர்ட்" பற்றி இங்கே எழுதமாட்டேன். அந்தக் கட்டத்தை மட்டும் 1200இல் ஸ்கேன் செய்து எனக்குத் தனியாக அனுப்பு. அப்பாவிடம் கேட்டுவிட்டு அனுப்பு.